ஆண்டு திரும்பும் நாளில் ஒரு மணித்தியால அமைதி: மலையகத்தில் யோகமும் விழிப்பும் எவ்வாறு அமைய வேண்டும்?

தலவாக்கலை ஆசிரியை | டிசம்பர் 17, இரவு 8.40

உறவுகள் அனைவருக்கும் வணக்கம். நான் தலவாக்கலைக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். பிறந்து வளர்ந்தது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில்தான்; என் அம்மா முப்பத்திரண்டு ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் கழுத்து வலிக்காக யோகாசனம் செய்யத் தொடங்கினேன். வலி குறைந்த பின்னரும் பயிற்சியை விட மனம் வரவில்லை. விடியற்காலையின் முதல் அரை மணித்தியாலம் இப்போது அதற்கே உரியதாகிவிட்டது.

எங்கள் தோட்டத்தில் ஆண்டு மாறும் இரவு என்றால் ஒலிபெருக்கி, பட்டாசு, அதன் பின்னர் சில வீடுகளில் சண்டை என்றுதான் நான் சிறுமியாக இருந்த காலம் முதல் பார்த்து வருகிறேன். இவ்வாண்டு சனசமூக நிலையத்தில் எல்லோரும் கூடி, கடந்துபோன ஆண்டை அமைதியாக நினைத்துப் பார்த்து, உடலையும் மூச்சையும் கவனிக்கும் ஒரு நிகழ்ச்சியை நடத்த விரும்புகிறேன். சனவரி 1 விடியற்காலையில் 108 சூரிய நமஸ்காரம் செய்து, அதன் பின்னர் இருபது நிமிடம் மௌனமாக அமர்வது என்பது என் எண்ணம். நகரங்களில் ஆண்டுத் தொடக்கத்தில் பல யோகா நிலையங்கள் இவ்வாறு செய்வதைப் பார்த்திருக்கிறேன். வரப்போகிறவர்களில் பெரும்பாலோர் மலையில் வேலை செய்யும் பெண்களாக இருப்பார்கள்.

இந்த எண்ணம் எங்கள் மக்களுக்குப் பொருந்துமா, அந்த நாள் சரியானதா, மௌனமாக அமர்ந்து கவனிக்கும் பயிற்சியை எந்தத் தமிழ்ச் சொல்லால் அழைத்தால் எங்கள் அம்மாமார்களுக்குப் புரியும் என்பவற்றை உங்களிடம் கேட்டுத் தெளிவு பெற விரும்புகிறேன்.

ஹட்டன் இளைஞன் | டிசம்பர் 17, இரவு 10.05

டீச்சர், மிக நல்ல முயற்சி. என்னால் இயன்ற உதவிகளைச் செய்ய ஆயத்தமாக இருக்கிறேன். எங்கள் பெண்களுக்கு இந்தப் பயிற்சி கடினமாக இராது என்பதே என் எண்ணம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேர்ந்து, கண் வேறு பக்கம் போகாமல், ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்கு நகர்வதே ஒரு தியானம்தான். மூடுபனிக்குள் நின்று அவர்கள் கொழுந்து பறிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவ்வாறே தோன்றுகிறது.

கொத்மலை மகள் | டிசம்பர் 18, காலை 6.15

தம்பி, நீங்கள் நல்லெண்ணத்துடன்தான் எழுதியிருக்கிறீர்கள் என்பதை அறிவேன். ஆனாலும் இந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. என் அம்மாவும் பெரியம்மாவும் மலையில் நின்றவர்கள். பாடசாலை விடுமுறைகளில் கைக்காசுக்காக நானும் பறித்திருக்கிறேன். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைத் தோட்டத்துப் பராமரிப்பு நிலையமான பிள்ளைக்காம்பராவில் விட்டு, வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, ஈரப் படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு மலையேறும் ஒருத்தியின் மனம், அன்றைய நிறுவையில் எத்தனை கிலோ விழும், அரைநாள் கணக்காக அரைப்பேர் போட்டுவிடுவார்களோ என்ற கணக்கிலேயே இருக்கும். பின்னால் கங்காணியின் குரல் கேட்டபடி இருக்கும், காலில் அட்டை ஏறும். அவளிடம் இருப்பது கவனம்தான் என்றாலும் அது அச்சத்தினால் பிறந்த கவனம். தியானம் என்று அதற்குப் பெயரிட்டுவிட்டால், அவளுக்கு ஓய்வு தேவையில்லை என்று சொல்ல நினைப்பவர்களுக்கு நாமே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

ஆசிரியை அக்காவிடமும் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். ஆண்டு முழுவதும் குனிந்து நிமிர்ந்த உடலை, ஆண்டு திரும்பும் நாளிலும் 108 தடவை குனிந்து நிமிரச் சொல்வது முறையாகுமா? அந்த ஒரு நாளிலாவது யாரும் எதையும் எண்ணாமல், எத்தனை முடிந்தது என்று கேட்காமல் இருக்கலாமே. எண்ணிக்கை என்றாலே எங்கள் பெண்களுக்குத் தராசுதான் நினைவுக்கு வரும்.

மலையகத் தாதி | டிசம்பர் 18, பகல் 1.30

கொத்மலைச் சகோதரியின் கேள்வியை உடலின் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். பல ஆண்டுகளாகத் தோட்டப்புறங்களில் பணிபுரியும் தாதி என்ற முறையிலும், யோகாசனம் கற்றவள் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

ஒரு சூரிய நமஸ்காரத்தில் பன்னிரண்டு நிலைகள் உள்ளன. 108 சுற்று என்றால் 1,296 நிலைகள். வழக்கமான முறையில் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை நின்றபடியே முழுவதுமாக முன்னால் குனிய வேண்டும். ஆகவே 216 தடவை குனிந்து நிமிர வேண்டியிருக்கும். உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவர் சில மாதங்கள் பழகிய பின்னர் இதைச் செய்தால் அது அவருக்குக் கொண்டாட்டமாக அமையலாம். ஆனால் முதல் நாளே இதைச் செய்யப்போகும் நாற்பத்தைந்து வயதுப் பெண், தலையில் மாட்டிய கயிற்றில் கூடையைத் தொங்கவிட்டு இருபது ஆண்டுகள் மலையேறியவராக இருந்தால், அவருடைய கழுத்தும் இடுப்பும் முழங்காலும் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். உயர் குருதியழுத்தம் இருப்பதை அறியாமலே வருகிறவர்களும் இருப்பார்கள். தலையைத் தாழ்த்தி நீண்ட நேரம் நிற்பது அவர்களுக்கும், கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் நல்லதன்று.

அவர்களுக்கு உண்மையில் உதவக்கூடியவை எளிய பயிற்சிகளே. சுவரோரம் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் சுவரில் சாய்த்து உயர்த்தி, ஐந்து முதல் பத்து நிமிடம் அப்படியே இருப்பது, நாள் முழுவதும் சரிவில் நின்ற கால்களின் கனத்தைக் குறைக்கும். தோளைக் காதுவரை உயர்த்தி மெல்ல இறக்குவதையும், கழுத்தை வலமும் இடமும் நிதானமாகத் திருப்புவதையும் எல்லோரும் செய்யலாம். கழுத்தை வட்டமாகச் சுழற்றுவதையும் முழுவதுமாகப் பின்னால் சாய்ப்பதையும் தவிர்த்து விடுங்கள். கொழுந்து கிள்ளும் விரல்களை மறந்துவிட வேண்டாம். விரல்களை அகல விரித்து மூடுவது, உள்ளங்கையைச் சுவரில் ஊன்றி மணிக்கட்டை நீட்டுவது ஆகியவற்றுக்கு மூன்று நிமிடம் ஒதுக்கினாலே முகம் தெளிவதைப் பார்ப்பீர்கள். இறுதியில் முழங்காலுக்குக் கீழே சுருட்டிய கம்பளியை வைத்துச் சவாசனத்தில் பதினைந்து நிமிடம் படுக்க விடுங்கள். தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம்.

சனவரி விடியலில் உங்கள் பகுதியில் தரை உறைபனி விழக்கூடும் என்பதால் வெறும் சீமெந்துத் தரையில் படுக்க வைக்காதீர்கள். சாக்கு, அதன் மேல் பாய், அதன் மேல் கம்பளி என்று மூன்று அடுக்காவது தேவைப்படும்.

கண்டி வாசகன் | டிசம்பர் 18, மாலை 7.20

சொல் பற்றிய கேள்விக்கு என்னால் இயன்ற பதில். புத்தர் காலப் பாளியில் இதற்குரிய சொல் 'சதி', சமஸ்கிருதத்தில் 'ஸ்மிருதி', நம் சிங்கள அயலவர்கள் 'சிஹிய' என்கிறார்கள். மூன்றும் நினைவு என்ற பொருளிலிருந்து பிறந்தவை. 'சதி' என்பதைத் தமிழில் அப்படியே எழுதினால் சூழ்ச்சி என்ற பொருள் வந்துவிடும். 'நினைவாற்றல்' என்று சிலர் எழுதுவது படித்ததை மறக்காமல் வைத்திருக்கும் திறனைக் குறிப்பதால் அதுவும் பொருந்தாது. 'விழிப்பு', 'விழிப்புணர்வு' ஆகிய இரண்டும் ஓரளவு பொருந்தினாலும், பின்னையது டெங்கு ஒழிப்பு, போதைப்பொருள் தடுப்பு போன்ற கூட்டங்களின் பெயராகிவிட்டது. எங்கள் பாட்டி வழுக்குப் பாறையில் எங்களை இறக்கிவிடும்போது, "நெனப்ப கால்ல வச்சிக்கிட்டு எறங்கு" என்பார். அதைவிடத் துல்லியமான மொழிபெயர்ப்பை நான் இதுவரை எந்த நூலிலும் கண்டதில்லை. நினைப்பை மூச்சில் வைப்பது, நினைப்பைப் பாதத்தில் வைப்பது என்று சொல்லிப் பாருங்கள். அம்மாமார்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

இந்தப் பயிற்சி வெளிநாட்டிலிருந்து வந்த புதுமை என்று எவரேனும் கூறினால் ஒரு செய்தியை நினைவூட்டலாம். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் ஜோன் கபாட்-சின் 1979இல் தொடங்கிய பயிற்சியே இன்று மருத்துவமனைகளில் வழங்கப்படும் பல பயிற்சிகளுக்கு முன்மாதிரி. அதில் அமர்ந்த தியானத்துடன் ஹட யோக ஆசனங்களும், படுத்தபடி உடலைக் கால்விரலிலிருந்து தலைவரை கவனிக்கும் பயிற்சியும் சேர்ந்திருந்தன. அதற்கு ஒரு தலைமுறை முன்னரே, 1901இல் ஜெர்மனியில் பிறந்து இங்கு துறவியான ஞானபோனிக தேரர், கண்டி உடவத்தைக் காட்டில் துறவியர் உறைவிடமான ஆரணியத்தில் வாழ்ந்து, இதே பயிற்சியை மேற்குலகுக்கு ஆங்கிலத்தில் விளக்கி எழுதினார். 1994இல் அந்த ஆரணியத்திலேயே மறைந்தார். கலஹாவுக்கு அருகில் தேயிலை மலைகளுக்கு நடுவே உள்ள நிலம்பை தியான நிலையமும் நமக்குத் தொலைவில் இல்லை.

யோகத்தின் பக்கத்திலும் ஒரு தொடர்பு உண்டு. ராஜயோகம் பற்றிய தம் உரைகளை 1896இல் நூலாக்கிய சுவாமி விவேகானந்தர், அடுத்த ஆண்டு சனவரி 15 அன்று கொழும்பில் இறங்கி, 19ஆம் திகதி புகையிரதத்தில் கண்டிக்கு வந்தார். பின்னர் மாத்தளை, தம்புள்ளை வழியாக வடக்கே சென்றார். நம் முன்னோர் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்த வடபாதையில்தான் அவருடைய வண்டியும் எதிர்த்திசையில் போயிற்று. ஓர் ஆண்டின் முதல் மாதத்தில் நிகழ்ந்த அந்தப் பயணத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

சூரியனை வணங்குவது மிகப் பழமையான வழக்கம். ஆனால் இன்று நாம் செய்யும் தொடர் ஆசனப் பயிற்சியைப் பரவலாக்கியவர் 1920களில் இந்தியாவின் ஔந்த் சமஸ்தானத்தை ஆண்ட பவன்ராவ் பந்த் பிரதிநிதி ஆவார். ஆகவே 108ஐக் குறைத்தால் மரபை மீறியதாகுமோ என்று ஆசிரியை கவலைப்பட வேண்டியதில்லை.

ஊவாக் காற்று | டிசம்பர் 19, காலை 9.10

எனக்கு வயது எழுபத்தொன்று. பதுளைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன். மகளே, நாளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

சனவரி 1 அன்று உங்கள் பக்கத்தில் பனி என்றால், எங்கள் ஊவாவில் வடகீழ்ப் பருவ மழை. அந்நாளில் விடியலில் நிற்பதற்கு இங்கே வானமும் இடம் தராது, வேலையும் இடம் தராது. ஆனால் சித்திரைப் புத்தாண்டில், நிறுத்துவதற்கென்றே ஒரு காலத்தை நம் முன்னோர் வகுத்து வைத்திருக்கிறார்கள். சூரியன் மீன ராசியிலிருந்து மேட ராசிக்குள் நுழையும் நேரத்துக்கு நான்கு மணித்தியாலம் முன்னும் நான்கு மணித்தியாலம் பின்னும் உள்ளதை நம் வாக்கிய பஞ்சாங்கம் விஷு புண்ணியகாலம் என்கிறது. சிங்கள மக்கள் ஆறு மணித்தியாலம் இருபத்து நான்கு நிமிடம் முன்னும் அவ்வளவே பின்னும் கொண்டு அதனை நொனகதய என்கிறார்கள். அந்நேரத்தில் அவர்கள் அடுப்பை அணைத்து, கருவிகளைக் கீழே வைத்து, விகாரைக்குச் செல்வார்கள். பழைய ஆண்டுக்கும் புதிய ஆண்டுக்கும் நடுவே எந்த வேலைக்கும் உரியதல்லாத ஒரு நேரத்தை இரண்டு இனத்து மக்களும் ஒதுக்கியிருப்பதை நான் சிறுவயதில் பொருட்படுத்தியதில்லை. ஓய்வு பெற்ற பின்னரே அதன் அருமை தெரிகிறது.

மருத்துநீர் வைப்பதையும் நினைத்துப் பாருங்கள். தாழம்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு என்று பலவும் சேர்த்துக் காய்ச்சிக் கோவிலில் தருவதை, பெரியவர் ஒருவர் நம்மை உட்கார வைத்துத் தலையில் தடவுவார். தலையில் ஓர் இலை, காலடியில் ஓர் இலை. அப்போது குழந்தைகள்கூட அசையாமல் இருக்கும். என் தாத்தாவின் கை என் உச்சியில் பட்ட அந்தக் குளிர்ச்சி அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் எனக்கு நினைவிருக்கிறது. உடலில் நினைப்பை வைப்பதற்கு அதைவிட நல்ல தொடக்கம் வேறென்ன இருக்கிறது?

திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தை யோகத்துக்கென்றே அமைத்து, இயமம், நியமம் முதலான எட்டு உறுப்புகளையும் அதில் சொல்லியிருக்கிறார். பதினாறு மாத்திரை அளவு நேரம் மூச்சை உள்வாங்கி, அறுபத்து நான்கு மாத்திரை நிறுத்தி, முப்பத்திரண்டு மாத்திரையில் வெளிவிடும் கணக்கும் அங்கே உள்ளது. அதையும் கற்பித்தால் நல்லது என்பது என் ஆசை.

மலையகத் தாதி | டிசம்பர் 19, மாலை 5.45

ஐயா, உங்கள் பதிவு மனத்தைத் தொட்டது. சித்திரை நாளையே நானும் வழிமொழிகிறேன். மூச்சுக் கணக்கில் மட்டும் பணிவுடன் ஒரு மாற்றுக் கருத்து. அந்த 16, 64, 32 என்ற அளவு குருவின் அருகில் நெடுங்காலம் பழகியவர்களுக்கு உரியது. புதியவர்கள், அதிலும் குருதியழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும், மூச்சை அவ்வளவு நேரம் நிறுத்தக் கூடாது. நான்கு எண்ணும் வரை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளிவிட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு மூச்சுகள் அமையும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும், உடல் தானாகத் தளரும். நிறுத்துவதே வேண்டாம்.

அந்தோனியார் மலை | டிசம்பர் 20, இரவு 9.00

எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடுகளில் நான்கு கத்தோலிக்க வீடுகள். டிசம்பர் 31 இரவு ஆலயத்தில் நன்றி வழிபாட்டுக்குக் கூடும்போது, குருவானவர் சில நிமிடம் விளக்கைத் தணித்து, கடந்த ஆண்டை மாதம் மாதமாக நினைக்கச் சொல்வார். என் அப்பா இறந்த ஆண்டில் அந்த மௌனத்தில்தான் நான் முதன்முதலாக அழுதேன். ஆகவே ஆசிரியையின் எண்ணம் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். மந்திரமும் சூரிய வணக்கமும் நிகழ்ச்சியின் கட்டாயப் பகுதிகளாக இருந்தால் எங்கள் வீட்டுப் பெண்களும், கீழ்ப்பிரிவிலுள்ள முஸ்லிம் குடும்பத்தாரும் தயங்குவார்கள். மூச்சுக்கு மதம் இல்லை. மௌனத்தின் தொடக்கத்தில், அவரவர் வழக்கப்படி மனத்துக்குள் வணங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நாங்கள் எல்லோரும் வருவோம்.

நல்லதண்ணிப் பாதை | டிசம்பர் 21, காலை 5.50

அமர்ந்திருப்பது எல்லோருக்கும் இயலாது. சிவனொளிபாத மலைக்கு டிசம்பர் முழுமதி நாளான உந்துவப் போயாவில் பருவம் தொடங்கி வெசாக் வரை நீடிப்பதால், சனவரி முதலாம் திகதி விடியலை உச்சியில் காண ஆயிரக்கணக்கானோர் ஏறுவார்கள். நான் நல்லதண்ணியிலிருந்து பதினொரு தடவை ஏறியிருக்கிறேன். முதல் சில ஆண்டுகள் நண்பர்களுடன் பந்தயம் பிடித்து ஏறி, இறங்கும்போது முழங்கால் நடுங்கப் படியிலேயே உட்கார்ந்துவிடுவேன். ஒரு தடவை முதிய சிங்கள அம்மா ஒருவரின் பின்னால், அவருடைய நடைக்கு ஏற்ப ஏறினேன். ஒரு படிக்கு ஒரு மூச்சு. எங்கும் நிற்கவில்லை, எங்கும் விரையவுமில்லை. 2,243 மீற்றர் உயரத்துக்கு எனக்கு மூச்சிரைக்காமல் ஏறியது அன்றுதான். எத்தனை தடவை ஏறினோமோ அத்தனை தடவை மணியடிக்கும் இடத்தில் அவர் அடித்த எண்ணிக்கையைக் கேட்டபோது, அவருடன் நடந்ததற்காக எனக்குப் பெருமையாக இருந்தது.

உட்கார இயலாதவர்களைச் சனசமூக நிலையத்துக்கு வெளியே இருபது அடித் தூரத்துக்குள் மெல்ல நடக்க விடலாம். பாதத்தில் நினைப்பை வைத்து நடப்பதும் இதே பயிற்சிதான்.

தலவாக்கலை ஆசிரியை | டிசம்பர் 22, இரவு 8.15

உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. நான் தொடங்கிய இடத்திலிருந்து வெகுதூரம் வந்துவிட்டேன். 108ஐ நினைத்து இப்போது வருந்துகிறேன். எனக்கு நன்மை தந்த பயிற்சியை, என் அம்மாவின் உடலை ஒரு கணமும் நினைக்காமல் மற்றவர்களுக்கு அப்படியே கொடுக்க எண்ணியிருந்தேன். கொத்மலைச் சகோதரியின் தராசு என்ற சொல் இரண்டு இரவுகள் என்னைத் தூங்க விடவில்லை.

இப்போது என் திட்டம் இதுதான். சனவரியில் எதுவும் நடத்தப் போவதில்லை. மார்கழிப் பசனை முடிந்து வரும் பிள்ளைகளுடன், கோவில் மண்டபத்தில் பத்து நிமிட மூச்சுப் பயிற்சியை மட்டும் பழகிப் பார்ப்பேன். சித்திரைப் புத்தாண்டில், புண்ணியகாலத்துக்குள் வசதியான பகல் வேளை அமைந்தால் அதிலும், இரவாக அமைந்தால் மறுநாள் காலையிலும், பெண்களுக்கென ஒரு மணித்தியாலம். தோள், கழுத்து, விரல்களுக்கான பயிற்சி முதலில்; பின்னர் சுவரில் கால் சாய்த்தல், அதன் பின்னர் படுத்தபடி காலிலிருந்து தலைவரை நினைப்பை நகர்த்துதல், இறுதியில் எதுவும் செய்யாமல் இருத்தல்.

கொத்மலை மகள் | டிசம்பர் 23, காலை 6.30

அக்கா, உங்கள் பதிலைப் படித்துக் கண் கலங்கியது. ஆனால் இன்னும் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. அதற்கு விடை இல்லாமல் இந்தத் திட்டம் நிறைவேறாது. புத்தாண்டு அன்று பால் பொங்க வைப்பது யார்? பலகாரம் சுடுவது, பீலியிலிருந்து தண்ணீர் சுமப்பது, வரும் விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றுவது யார்? ஆண்டின் மிகப் பெரிய ஓய்வு நாள் எங்கள் அம்மாமார்களுக்கு ஆண்டின் மிகப் பெரிய வேலை நாள். ஒருத்தி படுத்துக்கொண்டு தன் மூச்சைக் கவனிக்க வேண்டுமானால், அந்த நேரத்தில் வேறொருவர் அவளுடைய அடுப்பைக் கவனிக்க வேண்டும். அதை ஒழுங்கு செய்யாமல் அழைத்தால், அவள் வந்து படுப்பாள். நினைப்பு அடுப்பில் இருக்கும்.

ஹட்டன் இளைஞன் | டிசம்பர் 23, மாலை 4.40

அக்கா, முதல் நாள் நீங்கள் எழுதியதை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் புள்ள சரியாத்தான் சொல்லுது" என்றார். தூரத்தில் நின்று பார்த்ததை வைத்து எழுதியது என் பிழை. அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன்.

அடுப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எங்கள் இளைஞர் குழுவில் பதினான்கு பேர் இருக்கிறோம். டீச்சர் எங்கள் தோட்டத்துக்கும் வருவதாக இருந்தால், அந்த ஒரு மணித்தியாலமும் லயத்து முற்றத்தில் பொதுவாகப் பால் பொங்க வைப்பதும் தண்ணீர் எடுப்பதும் பிள்ளைகளைப் பார்ப்பதும் எங்கள் பொறுப்பு. அன்று எங்களில் எவரும் குடிப்பதில்லை என்றும் பேசி முடித்திருக்கிறோம்.

மலையகத் தாதி | டிசம்பர் 26, இரவு 7.30

நடத்துபவர்கள் மறக்கக் கூடாத ஒன்றை இங்கே பதிய வேண்டும். கண்ணை மூடி அமைதியாக இருக்கச் சொன்னால் எல்லோருக்கும் அமைதி வருவதில்லை. 2014 அக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண் சரிந்தபோது உறவுகளைப் பறிகொடுத்தவர்களும், வீட்டில் அடி வாங்கி வாழ்ந்தவர்களும் கண்ணை மூடினால் அந்தக் காட்சியே முன்னால் வரலாம்; மூச்சைக் கவனிக்கச் சொன்னால் மூச்சடைப்பதுபோல் தோன்றலாம். கண்ணைத் திறந்து வைத்திருக்கலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து வெளியே போகலாம், மூச்சுக்குப் பதிலாகத் தரையில் படும் பாதத்தையோ கையிலுள்ள சூடான கோப்பையையோ கவனிக்கலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கதவைப் பூட்ட வேண்டாம். ஒருவர் அழுதால் சுற்றிக் கூட்டம் கூடாமல், பழகிய ஒரு பெண் மட்டும் அருகில் இருக்கட்டும். துயரம் நாள்கணக்கில் நீடித்தால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு மணித்தியாலப் பயிற்சி சிகிச்சைக்கு ஈடாகாது.

ஊவாக் காற்று | டிசம்பர் 27, காலை 8.20

தாதி மகள் மூச்சு பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான்கும் ஆறுமாக நானே ஒரு வாரம் செய்து பார்த்தேன். விடியலில் நெஞ்சுச் சளி குறைவாகத் தெரிகிறது, மனமும் நிதானப்படுகிறது. புத்தாண்டில் கைவிசேடம் கொடுப்பவர்கள் காசுடன் ஒரு கொன்றை இலையையும் வைத்துக் கொடுத்தால், அன்று வந்தவர்களுக்கு அது நினைவில் நிற்கும் என்று நினைக்கிறேன்.

தலவாக்கலை ஆசிரியை | ஏப்ரல் 16, இரவு 9.30

நீண்ட இடைவெளிக்குப் பின்னர் எழுதுகிறேன். சொன்னபடி நடத்தி முடித்தோம்.

பெண்கள் இருபத்தாறு பேர் வந்தார்கள். அவர்களில் ஐவர் கத்தோலிக்கர், இருவர் கீழ்ப்பிரிவு முஸ்லிம் வீட்டுச் சகோதரிகள். என் அம்மா முன்வரிசையில் இருந்தார். ஹட்டனிலிருந்து இளைஞர்கள் எட்டுப் பேர் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். எங்கள் தோட்டத்து ஆண்கள் முதலில் தூரத்தில் நின்று பார்த்தார்கள். வந்த பிள்ளைகள் பீலிக்கும் முற்றத்துக்குமாகக் குடம் சுமப்பதைக் கண்டதும் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். கொழுந்துச் சாக்குகளைக் கழுவிக் காயவைத்து, அவற்றின் மேல் பாயும் கம்பளியும் விரித்திருந்தோம்.

பெரிய தாத்தா ஒருவர் எல்லோருடைய தலையிலும் மருத்துநீர் தடவினார்; வேண்டாமென்றவர்களுக்கு வெறும் வெந்நீரில் நனைத்த துணியை நான் கையில் கொடுத்தேன். தாதி அக்கா சொன்ன எல்லாவற்றையும் முதலிலேயே சொன்னேன். விரல் பயிற்சியின்போது சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. காலைச் சுவரில் சாய்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. ஒரு பெண் எழுந்து வெளியே போய், மாதுளை மரத்தடியில் சற்று நேரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்து படுத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

படுத்தபடி உடலைக் கவனிக்கும் பகுதியில், "இப்போது நினைப்பை உச்சந்தலையில், கயிறு பதியும் இடத்தில் வையுங்கள்" என்று சொன்னேன். அது முன்னரே எழுதி வைத்திருந்த வாக்கியம் அல்ல. அம்மாவைப் பார்த்தபோது தானாக வந்தது. பலர் கையை உயர்த்தி அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். அம்மாவின் கை அங்கேயே இருந்தது. பின்னர் அப்படியே தூங்கிவிட்டார். வெளியே பால் பொங்கி எல்லோரும் சத்தமிட்டபோதும் அவர் விழிக்கவில்லை. நாங்கள் எழுப்பவுமில்லை.

கொத்மலைச் சகோதரி, அவர்களில் ஒன்பது பேர் இதை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்யலாமா என்று கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதை மட்டும் இன்னும் ஒழுங்கு செய்யவில்லை. அடுத்த வாரம் ஆண்களுடன் அதைப் பற்றிப் பேசப் போகிறேன். உங்களால் வர முடிந்தால் வாருங்கள்.